நெடுநாள் நின்ற பழைய கார்: எஞ்சின் திணறினால் பழுதைக் கண்டறிவது எப்படி?

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் வழியில் உள்ளது திருப்பாலைவனம். நெல் வயல்களும் மீனவர் குப்பங்களும் அடுத்தடுத்து அமைந்த பகுதி இது. ஏரியிலிருந்தும் கடலிலிருந்தும் வீசும் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் கலந்திருக்கும். இரும்புச் சாமான்கள் உள்ளூரில் பத்தாண்டு உழைத்தால் இங்கே ஐந்தாண்டு உழைப்பதே அரிது என்று விவசாயிகள் சொல்வதுண்டு.

இத்தகைய ஊர்களில் சில வீடுகளில் பழைய அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பெட்ரோல் கார்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையிலேயே தயாரானது. அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. புதிதாக வாங்க இயலாத வண்டி என்பதால், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே இலாபம். கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், இரவில் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் உதவும் வண்டியை மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நிறுத்திவிடுகிறோம். தை மாதத்தில் எடுத்து ஓட்டினால், எஞ்சின் ஓடுகிறது. ஆனால் உதறுகிறது, திணறுகிறது, 'மிஸ்' அடிக்கிறது, சோக்கைத் தள்ளினால் நின்றுவிடுகிறது.

உடனே ஒருவர், "ரிங் போய்விட்டது, போர் அடிக்க வேண்டும்" என்பார். இன்னொருவர், "எஞ்சினை இறக்கி ஏற்று" என்பார். இந்த இடத்தில்தான் விவசாயியின் பணம் வீணாகிறது. நிறுத்தி வைத்ததால் வந்த கோளாறு வேறு. ஓடித் தேய்ந்ததால் வந்த கோளாறு வேறு. நிறுத்துவதற்கு முன் நன்றாக ஓடிய எஞ்சின், நின்ற இடத்தில் தேய்ந்துவிடாது. அதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை குறைந்த செலவில் நீங்கக்கூடியவை. எந்தக் கோளாறு என்பதை வரிசையாகச் சோதித்துக் கண்டறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நின்றிருக்கும்போது எஞ்சினில் என்ன நடக்கிறது?

பெட்ரோல் கெடுகிறது: பெட்ரோல் பல பொருள்கள் கலந்த ஒரு திரவம். அதில் எளிதில் ஆவியாகி விரைவில் தீப்பிடிக்கும் பகுதி முதலில் பறந்துவிடுகிறது. எஞ்சியது காற்றுடன் சேர்ந்து பிசின்போல் ஆகிறது. கார்புரேட்டரின் மிதவை அறையில் இருப்பது சிறிதளவு பெட்ரோல்தான். அங்கே காற்றும் படும். ஆதலால் டாங்கில் இருப்பதைவிட அங்கே இருப்பது விரைவில் கெடும். ஓரிரு மாதங்களிலேயே வண்ணெண்ணெய் காய்ந்ததுபோல் மஞ்சள் படலம் படிந்து, ஊசித் துளை போன்ற ஜெட்டுகளை அடைத்துவிடும்.

இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயச் சத்து கலந்துள்ளது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது இது. நம் நாட்டில் 2022இல் 10 விழுக்காடு கலப்பு எட்டப்பட்டது. 2023இல் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கியது. 2025இல் நாடு முழுவதும் அந்த அளவு எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ஈரம் ஓர் அளவுக்குமேல் சேர்ந்தால், தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகச் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் டாங்கின் அடிப்பகுதியிலிருந்துதான். ஆகவே எஞ்சினுக்கு முதலில் போய்ச் சேர்வது இந்தத் தண்ணீர்க் கலவையே. பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி மெலிந்து வெடிக்கக்கூடும்.

ஈரமும் உப்பும் அரிக்கின்றன: நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், ஏதேனும் ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தேதான் நிற்கும். சைலன்சர் வழியாகவும் காற்று வடிகட்டி வழியாகவும் உப்புக் காற்று அந்தச் சிலிண்டருக்குள் புகும். எனவேதான் நெடுநாள் நின்ற எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள் நன்றாக இருக்க, ஒன்று மட்டும் துருப்பிடித்து 'தூங்குவதை' அடிக்கடி காண்கிறோம். தீப்பொறிக்குக் காரணமான பாயிண்டுகளின் முகத்திலும், பேட்டரி முனைகளிலும் வெள்ளை அல்லது பச்சை உப்புப் பூக்கும்.

எலி குடியேறுகிறது: அறுவடைக் காலத்தில் வைக்கோல் போருக்கு அருகில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய தொல்லை. காற்று வடிகட்டிக்குள் கூடு கட்டும். ஒயர்களைக் கடித்து வைக்கும்.

இவற்றில் எதற்கும் போர் அடிப்பது மருந்தாகாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

சாவியைத் திருப்பும் முன்

நெடுநாள் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டர் போட்டு முடுக்குவது தவறு. காய்ந்து கிடக்கும் சிலிண்டர் சுவரில் ரிங்குகள் உராய்ந்து கீறல் விழும். நன்றாக இருந்த எஞ்சின் அன்றைக்குத்தான் கெடும். பின்வரும் வேலைகளை முதலில் செய்ய வேண்டும்.

1. வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டினால், அதன் புகையில் உள்ள நச்சுக் காற்று மணமும் நிறமும் இல்லாமலே ஆளைக் கொல்லும். கியரை நடுநிலையில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் கூடாது. ஒரு வாளி உலர்ந்த மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2. காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்து, எலிக்கூடு, குப்பை இருந்தால் நீக்க வேண்டும். ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும்.

3. எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால், பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கலாம். இரண்டிலும் ஆயிலை மாற்றி, காரணத்தையும் சரிசெய்யாமல் எஞ்சினை ஓட்டக்கூடாது. ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

4. பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும். முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். முனைகளில் பூத்த உப்பைச் சோடா உப்புக் கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவ வேண்டும். கழுவும் நீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. எஞ்சினிலிருந்து சட்டத்துக்குப் போகும் பூமி ஒயரின் இரு முனைகளையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பேட்டரி முனை உப்புப் பூத்திருந்தால், சுழற்றும்போது தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரமும் குறைந்துவிடும். 'எஞ்சின் போய்விட்டது' என்று சொல்லப்படும் சில வண்டிகளில் கோளாறு இந்த இரண்டு முனைகளில்தான் இருக்கும்.

5. நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். கழற்றும்போதே ஒயர்களில் நூல் கட்டி, முதல் ஒயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு என்று அடையாளம் வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. மேலே சொன்ன மூன்று வகைக் கார்களிலும் சிலிண்டர்கள் தீப்பிடிக்கும் வரிசை 1-3-4-2 ஆகும். இரண்டு ஒயர்கள் இடம் மாறினாலே எஞ்சின் கார்புரேட்டர் வழியாக வெடித்து உதறும்.

6. ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு, ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் கைப்பிடியால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும்; எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் ஒடியாது. சுற்ற வராவிட்டால் மீண்டும் ஆயில் விட்டு இரண்டு, மூன்று நாள் பொறுக்க வேண்டும். டிராக்டர் கட்டி இழுப்பதும், சம்மட்டியால் அடிப்பதும் கூடவே கூடாது.

7. எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சுற்றினால் எட்டு வால்வுகளும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒன்று மட்டும் கீழே இறங்கியபடியே மேலே வராமல் நின்றால் அது பிடித்துக்கொண்டுள்ளது. அதன் தண்டில் மெல்லிய ஆயில் சொட்டு விட்டு, ஊறவிட்டு, மரச்சுத்தியால் இலேசாகத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும். விடுபடாத வால்வோடு எஞ்சினை ஓட்டினால் தள்ளுதண்டு வளைந்துவிடும். அந்த நிலையில் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

சோதனையின் வரிசை

நெல் வயலில் இலை மஞ்சளானால் நாம் உடனே யூரியா இட்டுவிடுவதில்லை. தண்ணீர் தேங்கியதாலா, துத்தநாகக் குறையா, பூச்சியா என்று பார்க்கிறோம். எஞ்சினும் அப்படித்தான். அது ஒழுங்காக ஓட நான்கு பொருள்கள் வேண்டும்: நல்ல எரிபொருள், அளவான காற்று, நேரத்தில் தீப்பொறி, போதிய அழுத்தம். இந்த வரிசையிலேயே சோதிக்க வேண்டும். இது செலவு குறைந்ததிலிருந்து செலவு கூடியதற்குச் செல்லும் வரிசையும் ஆகும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது.

முதல் சோதனை: எரிபொருள்

டாங்கின் அடியில் உள்ள வடிதிருகைத் திறந்து, ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் பெட்ரோல் பிடிக்க வேண்டும். அரை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். அடியில் தனியாக ஓர் அடுக்குத் தெரிந்தால் தண்ணீர் பிரிந்துள்ளது. நிறம் தேநீர்போல் கருத்து, வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் பழுதாகிவிட்டது. பாட்டிலில் துருத் தூள் படிந்தால் டாங்கின் உட்புறம் அரித்துள்ளது.

மூன்றில் எது இருந்தாலும் டாங்கை முழுவதும் வடித்துவிட வேண்டும். வாயால் குழாய் வைத்து உறிஞ்சக் கூடாது. நுரையீரலில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. வடித்த பெட்ரோலை வாய்க்காலிலோ ஏரியிலோ வயல் ஓரத்திலோ கொட்டவும் கூடாது. நம் நீரையும் மீனையும் நாமே கெடுத்துக்கொள்வதாகும். மூடியுள்ள டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். பின்னர் பெட்ரோல் பம்பின் வடிகட்டியைக் கழுவி, வெடித்த ரப்பர் குழாய்களை எத்தனாலுக்கு ஏற்ற புதிய குழாய்களாக மாற்றி, ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

இதன் பிறகு கார்புரேட்டர். மிதவை அறையின் மூடியைக் கழற்றினால் அடியில் மஞ்சள் பிசினோ வெள்ளைத் தூளோ இருப்பதைக் காணலாம். ஜெட்டுகளைக் கழற்றிப் புதுப் பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஜெட்டின் துளைக்குள் இரும்புக் கம்பியோ குண்டூசியோ விடவே கூடாது. பித்தளையில் இழைத்த துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிப்போகும். வேண்டுமானால் மீன் வலைக்குப் பயன்படும் மெல்லிய நைலான் இழையை விட்டு எடுக்கலாம். அது பித்தளையைக் கீறாது. மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் மிதவை ஓட்டை, மாற்ற வேண்டியதுதான்.

சோக்கை இழுத்தால் ஓடி, தள்ளினால் நின்றுவிடும் எஞ்சினில், சிறு ஜெட் அடைபட்டிருப்பதே முதல் சந்தேகம்.

இரண்டாவது சோதனை: காற்று

ஜெட்டைச் சுத்தம் செய்த பிறகும் மெதுவோட்டத்தில் உதறினால், அளவுக்கு மீறிய காற்று எங்கோ நுழைகிறது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டுகள் காய்ந்து சுருங்கியிருக்கலாம். பிரேக்குக்கோ டிஸ்டிரிபியூட்டருக்கோ போகும் சிறு குழாய் வெடித்திருக்கலாம். எஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டு, அந்த இணைப்புகளில் சோப்பு நீரைத் துணியால் பிழிந்துவிட வேண்டும். சொட்டுப்பட்ட இடத்தில் எஞ்சினின் ஓசை மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். அது தீயை அழைப்பதாகும்.

மூன்றாவது சோதனை: தீப்பொறி

டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ஈரம் கோத்திருந்தால் துடைத்து வெயிலில் காயவைக்கலாம். சிலந்தி நூல்போல் கருங்கோடு ஓடியிருந்தால் மின்சாரம் அவ்வழியே கசிகிறது. மூடியை மாற்ற வேண்டும். பாயிண்டுகளின் முகம் வெளுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், மெல்லிய அரத்தால் ஓரிருமுறை இழுத்து, சுத்தமான காகிதத்தை இடையில் விட்டுத் துடைக்க வேண்டும். பாயிண்டு முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மில்லி மீட்டருக்கு அண்மையிலும், பிளக் இடைவெளி 0.6 மில்லி மீட்டருக்கு அண்மையிலும் இருக்கும். சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளக்கைக் கழற்றி அதன் ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் படுமாறு வைத்து எஞ்சினைச் சுற்றினால் தீப்பொறி தெரியும். நீலமாகச் 'சட்' என்ற ஒலியோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்திருந்தால் பாயிண்ட், கண்டன்சர், காயில் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இச்சோதனையின்போது பிளக் துளையைத் துணியால் அடைத்து, பிளக்கைத் துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

பிளக்கின் முகமே ஒரு சாட்சி. இளம் பழுப்பு நிறம் நல்ல எரிப்பைக் காட்டும். உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று மிகுதி. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை. ஆயிலில் நனைந்திருந்தால், நாம் ஊற்றிய ஆயில் முதலில் எரிந்து தீரட்டும். அதன் பிறகும் நனைந்தால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

தூங்கும் சிலிண்டரைக் கண்டுபிடித்தல்

எஞ்சின் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு உதறினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். எது என்று அறிய எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் ஒயரைக் கழற்றி, ஒரு பழைய பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கை எஞ்சினின் இரும்பில் படுமாறு கட்டி, பின்னர் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டம் முன்னைவிட மோசமானால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. மாற்றம் இல்லையென்றால் தூங்குவது அதுதான். இப்படி நான்கையும் பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் வெறுங்கையால் ஒயரைப் பிடுங்கக் கூடாது.

தூங்கும் சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கை, நன்றாக உழைக்கும் வேறொரு சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்ற வேண்டும். தூக்கமும் கூடவே இடம் மாறினால் பிளக் கெட்டுள்ளது. மாறாவிட்டால், அந்த ஒயரை ஒரு நல்ல ஒயரால் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் அதே சிலிண்டர் தூங்கினால், குற்றம் எஞ்சினுக்குள் இருக்கிறது. காசு செலவில்லாமல் நாம் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்.

நான்காவது சோதனை: அழுத்தம்

இதற்கு அழுத்தமானி வேண்டும், பட்டறைகளில் இருக்கும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயில் ஒயரைப் பிரித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு சுற்று சுற்றிப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் படிக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் வழியே கசிகிறது. ஏறாவிட்டால் வால்வு வழியே கசிகிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். நின்று துருவேறிய வால்வு இருக்கையும், பிசினில் ஒட்டிய ரிங்கும் சில நேரங்களில் ஓடியே சரியாகிவிடும். புது ஆயில் மாற்றி, பளு ஏற்றாமல் இரண்டு மூன்று நாள் மிதமாக ஓட்டி, பின் மீண்டும் அழுத்தம் பார்க்க வேண்டும். எண் ஏறியிருந்தால் மேலும் ஓட்டலாம். ஏறாமல் இருந்தால் மட்டுமே எஞ்சினைத் திறப்பது பற்றிப் பேச வேண்டும். அப்போதும் வால்வு என்று தெரிந்தால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். முழு எஞ்சினையும் இறக்க வேண்டியதில்லை.

அறிகுறியும் முதலில் பார்க்க வேண்டியதும்

சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது: சிறு ஜெட் அடைப்பு, காற்றுக் கசிவு.

கரும்புகை, பெட்ரோல் வாடை: சோக் மாட்டிக்கொண்டது, மிதவை ஓட்டை, மிதவை ஊசி மூடவில்லை.

கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது: பெட்ரோல் குறைவு, ஒயர்கள் இடம் மாறியுள்ளன, வால்வு பிடித்துள்ளது.

ஒரே தாளத்தில் உதறுகிறது: ஒரு சிலிண்டர் தூங்குகிறது.

தாளமின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக உதறுகிறது: பாயிண்ட், கண்டன்சர், மூடியில் ஈரம், பெட்ரோலில் தண்ணீர்.

மெதுவோட்டத்தில் நன்று, வேகத்தில் திணறுகிறது: பெட்ரோல் பம்பு, வடிகட்டி அடைப்பு, பெரிய ஜெட் அடைப்பு.

நீலப்புகை: ஊற்றிய ஆயில் எரிகிறது. அரை மணி ஓட்டத்துக்குப் பின்னும் குறையாவிட்டால் ரிங் அல்லது வால்வு வழிகாட்டி.

எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு: ஹெட் கேஸ்கட். உடனே நிறுத்த வேண்டும்.

ஆயில் அழுத்த விளக்கு, எஞ்சின் ஓடத் தொடங்கிய சில வினாடிகளில் அணையவில்லை: உடனே நிறுத்த வேண்டும். இதில் 'கொஞ்ச தூரம் பார்ப்போம்' என்பது கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு

திருப்பாலைவனத்தில் ஒரு விவசாயி, புரட்டாசியில் நிறுத்திய அம்பாசடரைத் தை மாதத்தில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னேற்பாடுகளைச் செய்து ஓட்டினால், சோக்கில் ஓடுகிறது, தள்ளினால் நிற்கிறது. பாட்டில் சோதனையில் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு அடுக்குத் தெரிகிறது. டாங்கை வடித்து, ஜெட்டைக் கழுவியதும் சோக் இல்லாமலே ஓடுகிறது. ஆனால் உதறல் நிற்கவில்லை. அது இப்போது ஒரே தாளத்தில் வருகிறது.

ஒயரைக் கழற்றிப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் தூங்குகிறது. பிளக் மாற்றியும், ஒயர் மாற்றியும் அதுவே தூங்குகிறது. அழுத்தம் பார்த்தால் மற்ற மூன்றைவிடக் குறைவு. ஆயில் விட்டும் ஏறவில்லை. எனவே வால்வு. மழைக்காலம் முழுவதும் திறந்து நின்ற வால்வு அது. இரண்டு நாள் மிதமாக ஓட்டிப் பார்த்தபின் அழுத்தம் முக்கால் பங்கு ஏறிவிட்டது. ஒரு வாரத்தில் உதறல் நின்றது.

முதலிலேயே போர் அடித்திருந்தால் எஞ்சின் இறங்கி ஏறியிருக்கும். அறுவடை நேரத்தில் வண்டி பட்டறையில் நின்றிருக்கும். பெட்ரோலில் தண்ணீர் மட்டும் டாங்கிலேயே இருந்திருக்கும். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் மீண்டும் திணறியிருக்கும்.

பம்ப்செட்டுக்கும் இதுவே பாடம்

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சின்கள், விசைத் தெளிப்பான்கள் ஆகியவற்றுக்கும் மேற்சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். சிலிண்டர் ஒன்றுதான் என்பதால் 'தூங்கும் சிலிண்டர்' சோதனை மட்டும் தேவையில்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அங்கே டாங்கின் அடியில் தேங்கிய நீர், அந்த நீரில் வளர்ந்த நுண்ணுயிர்ப் பாசி, குழாயில் புகுந்த காற்று, அடைபட்ட வடிகட்டி என்ற வரிசையில் பார்த்து, கடைசியில்தான் இஞ்செக்டரைக் கழற்ற வேண்டும்.

இதில் நம் பகுதி மீனவர்களிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாள்களை அவர்கள் படகையும் எஞ்சினையும் பராமரிக்கும் காலமாக வைத்துக்கொள்கிறார்கள். உப்பு நீரில் ஓடிய வெளிப்பொருத்து எஞ்சினை நல்ல நீர் விட்டு அலசிய பிறகே நிறுத்த வேண்டும் என்பதும் அவர்கள் அறிந்த பாடம். நிறுத்துவதும் ஒரு வேலைதான். நாம் அதை மறந்து, சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பல வண்டிகள் இப்படித்தான் நின்ற இடத்தில் கெட்டன.

அடுத்த முறை நிறுத்தும் முன்

ஐப்பசி மழைக்கு முன், வண்டி இரண்டு மாதத்துக்குமேல் நிற்கும் என்று தெரிந்தால் பின்வருவனவற்றைச் செய்ய வேண்டும்.

1. எஞ்சின் ஆயிலை மாற்ற வேண்டும். பழைய ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் உள்ளே இருந்து அரிக்கும்.

2. டாங்கை வடித்துவிடலாம், அல்லது ஈரக்காற்றுக்கு இடமில்லாதபடி முழுவதும் நிரப்பி வைக்கலாம். பழைய இரும்பு டாங்கு வெறுமையாக நின்றால் துருப்பிடிக்கும். ஆகவே மூன்று மாதத்துக்குள் எடுப்பதானால் நிரப்புவதும், அதற்குமேல் என்றால் வடித்து உலர்த்தி மூடுவதும் தக்கது.

3. எஞ்சின் ஓடும்போதே பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். இந்த ஒரு வேலையே தை மாதத் திணறலில் பாதியைத் தடுத்துவிடும்.

4. பிளக் துளைகளில் ஒரு கரண்டி ஆயில் விட்டுச் சுற்றி, பிளக்கை மாட்ட வேண்டும். சைலன்சர் வாயையும் காற்று வடிகட்டி வாயையும் ஆயில் நனைத்த துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஸ்டியரிங்கில் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும்.

5. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும்.

6. வண்டியின் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவி உலர்த்த வேண்டும். வெள்ளம் ஏறாத மேட்டில் நிறுத்த வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் நீரில் மூழ்கிய வண்டிகள் மிகப் பல. எஞ்சினுக்குள் வெள்ளம் புகுந்த வண்டியை இக்கட்டுரை முறைப்படி ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஆயில் முழுவதையும் மாற்றி, சிலிண்டரில் நீர் இல்லை என்று உறுதி செய்த பிறகே சுற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்துவது போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. எரிப்பில் உண்டாகும் நீராவி, ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருவை வளர்க்கும். ஓட்டுவதானால் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவதே பயன் தரும். பதிவு, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை நடப்பில் உள்ளனவா என்றும், பிரேக் பிடிக்கிறதா என்றும் பார்த்த பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள முடியாது. செய்ய வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு சிறு நோட்டில், எப்போது நிறுத்தினோம், பாட்டில் சோதனையில் என்ன கண்டோம், எந்தச் சிலிண்டர் தூங்குகிறது, அழுத்தம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போனால், நல்ல மெக்கானிக்கின் நேரமும் நம் பணமும் மிச்சமாகும். "வண்டி சரியில்லை, பாருங்கள்" என்று சொல்லி விட்டுவருவதற்கும், "மூன்றாவது சிலிண்டர், பிளக்கும் ஒயரும் நன்று, ஆயில் விட்டும் அழுத்தம் ஏறவில்லை" என்று சொல்வதற்கும் பட்டறைச் சீட்டில் பெரிய வேறுபாடு இருக்கும்.

எரிபொருள், காற்று, தீப்பொறி, அழுத்தம் என்ற இந்த வரிசையைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். தையில் எஞ்சின் திணறும்போது, முதலில் ஒரு வெறும் கண்ணாடிப் பாட்டிலை எடுங்கள். ஸ்பேனரை எடுப்பது அதற்குப் பிறகு.